ஸ்காட்லாந்துல கோட்டை போட்டோ எடுக்கணும்னா முதல்ல கோட்டையை விட்டு தள்ளி நில்லுங்க

எட்டு நாள், பதினோரு கோட்டை, நடுவுல க்ளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவு, எடின்பரோல கார் எடுத்து எடின்பரோலயே விடறது, அக்டோபர் ரெண்டாவது வாரம், கையில ஒரு க்ராப் சென்சார் கேமரா, 18-55, 55-250 ரெண்டு லென்ஸ், எந்தக் கோட்டைக்கு எத்தனை மணிக்கு போனா நல்ல படம் கிடைக்கும்னு கேட்டிருக்கீங்க. மாசம் ரொம்ப சரியான மாசம், லென்ஸ் ரெண்டும் தாராளமா போதும், ஆனா லிஸ்ட்ல இருந்து ஏழு கோட்டையை எடுத்துடுங்கன்னு தான் முதல்ல சொல்லுவேன். நான் அபர்டீன்ல நாலு வருஷம் இருந்தேன், லீவு கிடைச்சா கேமராவ தூக்கிட்டு கிளம்பிடுவேன், அந்த நாலு வருஷத்துல நல்லா வந்த படம் எல்லாமே ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோ போன இடத்துல எடுத்தது தான். ஒரே நாள்ல மூணு கோட்டை பார்த்த நாள்ல ஒரு படம் கூட தேறல.

ஏன்னு சொல்றேன். அந்த ஊர் கிராமப்பக்கம் இருக்கற கோட்டைகள்ல நிறைய, டவர் ஹவுஸ்னு சொல்ற வகை. ஒரு குலத்தலைவனும் அவன் ஆளுங்களும் குடியிருந்த கல் வீடு, நாலு மாடி, தடிச்ச சுவர், சின்னச் சின்ன ஜன்னல், அவ்வளவு தான். கிட்ட போய் நின்னு அண்ணாந்து எடுத்தா சாம்பல் கலர்ல ஒரு கல் சுவர் தான் படத்துல விழும், அது எந்தக் கோட்டைன்னு எடுத்த உங்களுக்கே ஆறு மாசம் கழிச்சு தெரியாது. ஆனா அதை கட்டினவன் அந்த இடத்தை சும்மா தேர்ந்தெடுக்கல, ஒரு கடல்வழிய காவல் காக்கணும், ஒரு பள்ளத்தாக்கோட வாய அடைக்கணும், மூணு பக்கம் தண்ணியோ பாறையோ இருக்கணும்னு கணக்கு போட்டு தான் கட்டியிருக்கான். அந்தக் கணக்கு படத்துல தெரியணும். கோட்டை ஏன் இங்க நிக்குதுன்னு பார்க்கறவங்களுக்கு புரியற தூரத்துக்கு பின்னாடி போங்க, எங்க நிக்கணும் எப்ப நிக்கணும்ங்கறது பெரும்பாலும் அதுலயே கிடைச்சிடும்.

எய்லியன் டோனன்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் போறது அங்க தான், எல்லாரும் ஒரே படம் எடுத்துட்டு வர்றதும் அங்க தான். டோர்னிங்கற சின்ன ஊர் ஓரத்துல, ஏ87 ரோட்டுல ஸ்கை போற வழியில இருக்கு. லாக் டூயிக், லாக் லாங், லாக் ஆல்ஷ் னு மூணு லாக் ஒண்ணா சேர்ற முக்குல ஒரு குட்டித் தீவு, அதுமேல கோட்டை. லாக்னா ஏரின்னு நாம சொல்லிடறோம், ஆனா இந்த மூணும் கடல் தான், மலைக்கு நடுவுல நீளமா உள்ள நுழைஞ்ச கடல். (லாக்ங்கற சொல்லோட கடைசி சத்தம் அங்க ‘க்’ இல்ல, நம்ம ஆய்த எழுத்து மாதிரி தொண்டையில இருந்து காத்தா வரும், அப்படி சொல்லிப் பாருங்க, ஊர்க்காரங்க முகம் மலரும்.) எந்தக் கடல்வழில கப்பல் வந்தாலும் அந்த முக்கைத் தாண்டி தான் போகணும், அதான் 13-ம் நூற்றாண்டுல அங்க கோட்டை வந்தது. 1719-ல ஜேகோபைட் (துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் ராஜ வம்சத்த திரும்ப அரியணை ஏத்த நினைச்சவங்க) கலகத்துக்கு உதவியா வந்த ஸ்பெயின் சிப்பாய்ங்க உள்ள இருந்தப்போ, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து பீரங்கி அடிச்சு பிடிச்சு, உள்ள இருந்த வெடிமருந்த வெச்சே கோட்டையை தகர்த்துட்டாங்க. அப்புறம் இருநூறு வருஷம் இடிபாடா கிடந்தது. இப்ப நாம பார்க்கறது 1911-ல மெக்ரே-கில்ஸ்ட்ராப்ங்கற ராணுவ அதிகாரி வாங்கி, 1932 வரைக்கும் பொறுமையா திரும்பக் கட்டினது, படத்துல அழகா வளைஞ்சு நிக்கற அந்தக் கல் பாலமும் அப்ப வந்தது தான். பழசு இல்லையான்னு சிலர் ஏமாந்து போறாங்க, எனக்கு அப்படித் தோணல, ஒருத்தர் இருபது வருஷம் உழைச்சு எழுப்பின கோட்டை, அந்த உழைப்பும் வரலாறு தானே.

இங்க மணிய விட முக்கியம் தண்ணி. நான் முதல் தடவை போனது மத்தியானம் மூணு மணி, கடல் வத்தி இருந்த நேரம், கோட்டையைச் சுத்தி தண்ணிக்கு பதிலா சேறும் கடல்பாசியும் கருப்பா பரவிக் கிடந்தது, தீவுங்கறதே தெரியல, எடுத்த எல்லா படத்துலயும் கீழ்ப்பாதி வீணாப் போச்சு. அந்தக் கரையில பெரிய ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல நாலு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும், ஒரே இடம் காலையில ஒரு ஊரு சாயங்காலம் வேற ஊரு மாதிரி இருக்கும். அதனால கடல் ஏறி வத்தற நேரம் போட்டிருக்கற டைட் டேபிள் பார்க்காம இங்க வராதீங்க, கைல் ஆஃப் லோஹால்ஷ் துறைமுகத்துக்கு உள்ள டேபிளே போதும், பக்கத்து ஊர் தான். இன்னொரு விஷயம், உங்க டிக்கெட் இன்னும் போடலைன்னா காலண்டர்ல அமாவாசை பௌர்ணமி எப்பன்னு பாருங்க. அந்த நாட்களை ஒட்டி வர்ற ஏத்தம் தான் பெரிய ஏத்தம், அது இந்த மேற்குக் கரையில ஏறக்குறைய காலை ஆறரை ஏழரை, சாயங்காலம் ஆறரை ஏழரை வாக்குல உச்சத்துக்கு வரும். அக்டோபர் ரெண்டாவது வாரம் சூரிய உதயம் ஏழரை ஒட்டி, அஸ்தமனம் ஆறேகால் ஆறரை. அதாவது தண்ணி நிரம்பி நிக்கற நேரமும் வெளிச்சம் நல்லா இருக்கற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து சேரும். தினமும் ஏத்தம் சராசரியா அம்பது நிமிஷம் தள்ளிப் போகும், ஒரு வாரம் தப்பி போனீங்கன்னா அதே அஸ்தமன நேரத்துல சேறு தான் இருக்கும்.

நிக்கற இடம். கார் பார்க் பக்கத்துக் கரையில நின்னு பாலத்தோட சேர்த்து எடுக்கறது எல்லாரும் எடுக்கற படம், எடுங்க, தப்பில்ல, குறிப்பா சூரியன் போய் இருபது நிமிஷத்துக்கு அப்புறம் வானம் கருநீலமா மாறும்போது கோட்டைக்கு விளக்கு போட்டிருப்பாங்க, அந்த மஞ்சள் விளக்கும் நீல வானமும் ஒரே அளவு வெளிச்சத்துல இருக்கறது ஒரு பத்து நிமிஷம் தான், ட்ரைபாட்ல கேமராவ மாட்டி தயாரா நில்லுங்க. ஆனா நான் சொல்றது இன்னொரு இடம், பழைய ரோடு ஒண்ணு மலைமேல ஏறிப் போகும், கார் ப்ரேன்னு பேரு, அங்க ஒரு வியூ பாயிண்ட் இருக்கு. அங்க இருந்து கீழ பார்த்தா கோட்டை ஒரு பொம்மை சைஸ்ல, சுத்தி தண்ணி மூணு பக்கமும் பிரிஞ்சு போறது தெரியும், தூரத்துல ஸ்கை மலைகள். 55-250-ஐ மாட்டி 100 ல இருந்து 150 க்குள்ள வெச்சு எடுங்க. கோட்டை சின்னதா தான் இருக்கும், அதனால தான் அது நல்ல படம், பார்க்கறவனுக்கு இவன் எதை காவல் காத்தான்னு உடனே புரிஞ்சிடும்.

க்ளென்கோவ மையமா வெச்சு மூணு ராத்திரி தங்குனீங்கன்னா இன்னும் ரெண்டு கோட்டை கைக்கெட்டற தூரத்துல வந்திடும். ஒண்ணு காசில் ஸ்டாக்கர், ஆப்பின் பக்கம், ஏ828 ரோட்டுல, கார்ல அரை மணி நேரம். லாக் லின்னிலருந்து பிரிஞ்ச ஒரு சின்ன நீர்க்கிளைல, கோட்டை அளவுக்கே உள்ள ஒரு பாறைத்திட்டு, அதுமேல நாலு மாடி டவர், வேற ஒண்ணுமே கிடையாது. ரோட்டுக்கு மேல ஒரு காபி கடை இருக்கு, அது பக்கத்து மேட்டுல இருந்து மேற்க பார்த்து நின்னா கோட்டைக்கு பின்னாடி லாக் லின்னியும் அதுக்கும் பின்னாடி மோர்வன் மலைகளும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கா வரும், சாயங்கால படத்துக்குன்னே செஞ்ச மாதிரி இடம். கோட்டைல விவரம் தெரியணும்னு வெளிச்சத்த ஏத்தாதீங்க, கருப்பு நிழலா விட்டுடுங்க, அந்த வடிவம் அவ்வளவு சுத்தமானது. இங்கயும் தண்ணி வத்தினா சேறு, நடந்தே போயிடலாம் போல தோணும், போகாதீங்க, கால் புதையும், தண்ணி திரும்ப வர்ற வேகம் வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது, போதாததுக்கு அது தனியார் சொத்து.

இன்னொண்ணு கில்ஹர்ன், லாக் ஆவ் ஏரியோட வடகிழக்கு முனையில, டால்மாலி பக்கம், க்ளென்கோல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள. எனக்கு ஸ்காட்லாந்துலயே பிடிச்ச கோட்டை இது தான். 15-ம் நூற்றாண்டு நடுவுல காலின் கேம்ப்பெல்ங்கறவர் கட்ட ஆரம்பிச்சது, அப்ப அது தீவு, 1817-ல ஏரியோட மட்டத்த மாத்தினதுக்கு அப்புறம் தான் கரையோட ஒட்டிக்கிச்சு. 1760-ல மின்னல் விழுந்து கோட்டை பாழாச்சு, மேல இருந்த ஒரு சின்ன கோபுரம் அப்படியே முற்றத்துல தலைகீழா விழுந்து, இன்னைக்கும் அதே மாதிரி தலைகீழாவே கிடக்கு, உள்ள திறந்திருக்கற நாளா இருந்தா அதைப் பார்க்காம வராதீங்க. இது நன்னீர் ஏரி, அதனால டைட் தொல்லை இல்ல, இங்க வேண்டியது காத்து இல்லாத காலை. முந்தின ராத்திரி வானம் தெளிவா, குளிரா, காத்தே இல்லாம இருந்தா மறுநாள் காலையில ஏரிமேல மூடுபனி படுத்திருக்கும், ஏன்னா அக்டோபர்ல தண்ணி இன்னும் கோடைச்சூட்டை பிடிச்சு வெச்சிருக்கும், காத்து மட்டும் சட்டுனு ஆறிடும். ஏ819 ரோட்டோரம் தெற்குக் கரையில இருந்து தண்ணிக்கு குறுக்க பாருங்க, பனிக்கு மேல கோட்டைத் தலை மட்டும் முதல்ல தெரியும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உடம்பு தெரியும், வெயில் ஏறி பனி கலைய ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்துல நான் நின்ன இடத்த விட்டு பத்தடி கூட நகரல, நூத்தி இருபது படம் எடுத்தேன், அத்தனையும் வேற வேற. இப்படி ஒரு ராத்திரி அமைஞ்சா மறுநாள் வேற என்ன ப்ளான் இருந்தாலும் ரத்து பண்ணிட்டு அஞ்சரைக்கு எழுந்து அங்க போயிடுங்க.

கிழக்குக் கரையில ஒண்ணே ஒண்ணு, டன்னாட்டர். ஸ்டோன்ஹேவன் ஊருக்கு தெற்க, வட கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்கற ஒரு பெரிய பாறை, சுத்தி அம்பது மீட்டர் செங்குத்து, அதோட தலைமேல இடிஞ்ச கோட்டை, கரையையும் அதையும் சேர்க்கறது ஒரு ஒடுக்கமான நிலம் தான். அந்த ஒடுக்கத்தப் பார்த்தாலே புரியும் ஏன் இங்கிலாந்துத் தளபதி க்ராம்வெல்லோட படைக்கு இது எட்டு மாசம் தாக்குப்பிடிச்சதுன்னு. 1651-52-ல ஸ்காட்லாந்தோட கிரீடம், செங்கோல், வாள் மூணும் இதுக்குள்ள தான் இருந்துச்சு, எதிரி வெளிய சூழ்ந்து நிக்கறப்பவே அதை கமுக்கமா வெளிய கடத்தி, பக்கத்து கினெஃப் ஊர் சர்ச்சோட தரைக்கு அடில புதைச்சு வெச்சுட்டாங்க, கோட்டை சரணடைஞ்சப்போ உள்ள தேடினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. அந்த மூணையும் இன்னைக்கு எடின்பரோ கோட்டையில பார்க்கலாம், நீங்க அங்க போற நாள்ல இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. போட்டோவுக்கு இது காலை இடம், கடல் கிழக்கு, சூரியன் கடல்ல இருந்து எழும். ஸ்டோன்ஹேவன்ல தங்கிட்டு உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி டார்ச்சோட கிளம்புங்க, படிக்கட்டுல கீழ இறங்காதீங்க, இறங்கறதுக்கு முன்னாடி வர்ற செங்குத்து விளிம்புப் பாதைல வடக்குப் பக்கம் நின்னா தான் பாறையும் அந்த ஒடுக்கமும் கடலும் ஒரே படத்துல அடங்கும். ஈரப் புல்லு, பக்கத்துல அதலபாதாளம், கடல் காத்து திடீர்னு தள்ளும், வீட்டம்மா குழந்தையோட போறதா சொல்லியிருக்கீங்க, விளிம்புல இருந்து நல்லா உள்ள தள்ளி நில்லுங்க, ட்ரைபாட் காலை நல்லா ஊனி வெச்சு கேமரா பட்டைய கைல சுத்திக்கோங்க.

மீதி கோட்டைகள் பத்தி சுருக்கமா. லாக் நெஸ் ஏரி பார்க்கணும்னா அர்க்கார்ட் கோட்டைல நிறுத்துங்க, 1692-ல ராணுவம் கிளம்பும்போது ஜேகோபைட்களுக்கு பயன்படக்கூடாதுன்னு அவங்களே வெடி வெச்சு உடைச்சுட்டுப் போன கோட்டை அது, வரலாறு பெருசு, ஆனா நீங்க அங்க போகற நேரம் பகல் தான், கூட்டம் இருக்கும், போட்டோவுக்காக அரை நாள் செலவு பண்ண மாட்டேன். எடின்பரோ கோட்டைக்கு க்ராஸ்மார்க்கெட்ல இருந்து மேல ஏறற வென்னல் படிக்கட்டு, காலையில சீக்கிரம் போங்க, அது போதும். மத்ததெல்லாம் அடுத்த தடவைக்கு.

இப்ப வெளிச்சம். நீங்க சென்னைல இருந்து போறதால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அங்க வெளிச்சம் நடந்துக்கற விதமே வேற. அக்டோபர் ரெண்டாவது வாரம் சென்னையில மத்தியானம் சூரியன் அடிவானத்துல இருந்து ஏறக்குறைய 70 டிகிரி உயரத்துல இருக்கும், க்ளென்கோல அதே நாள் மத்தியானம் 26 டிகிரி தான், அதாவது அங்க நாள் முழுக்க நம்ம ஊரு சாயங்கால நாலரை மணி வெயில் மாதிரி சாய்வா தான் விழும். மத்தியானம் படம் எடுக்கக்கூடாதுங்கற விதிய அங்க மறந்துடுங்க. அஸ்தமனமும் அப்படித்தான், நம்ம ஊர்ல சூரியன் நேரா கீழ விழுந்து இருபது நிமிஷத்துல இருட்டிடும், அங்க அது சாய்வா வழுக்கிட்டு போகும், அந்த மங்கல் வெளிச்சம் முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கும், நிதானமா லென்ஸ் மாத்தி எடுக்கலாம். இன்னொண்ணு, சூரியன் 42 டிகிரிக்கு கீழ இருந்தா தான் தரையில நிக்கறவங்களுக்கு வானவில் தெரியும், அக்டோபர் ஸ்காட்லாந்துல சூரியன் அதுக்கு மேல போறதே இல்ல, அதனால மழை பெஞ்சு ஒரு பக்கம் வெயில் அடிச்சா நாளோட எந்த நேரத்துலயும் வானவில் வரலாம். தூறல் வந்த உடனே சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க, மலை இருக்கா, கோட்டை இருக்கா, அதுக்கேத்த மாதிரி நகருங்க. போலரைசர் (பளபளப்ப குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டற ஃபில்டர்) போட்டிருந்தா கவனம், ஒரு பக்கம் திருப்பினா வானவில் பளிச்சுன்னு ஆகும், இன்னொரு பக்கம் திருப்பினா காணாமப் போயிடும்.

மழை வந்தா கார்க்குள்ள உக்காந்து வெயிலுக்கு காத்திருக்கறது தான் புதுசா போறவங்க எல்லாரும் பண்றது. அந்த ஊர்ல நல்ல படம் மழை நின்ன பிறகு வர்றதில்ல, மழை போயிட்டு இருக்கும்போது வருது, மேகத்துல ஒரு கிழிசல் விழுந்து ஒரே ஒரு மலைச்சரிவுல மட்டும் வெயில் ஓடும், மத்த எல்லாம் கருப்பா இருக்கும், அது அரை நிமிஷம் கூட நிக்காது. ட்ரைபாட் போட்டு, படத்தோட அமைப்ப முடிவு பண்ணி, ஃபோகஸ் பண்ணி, நனைஞ்சுகிட்டே நிக்கணும். கேமராவுக்கு ஒரு மழை உறை, அது இல்லைன்னா ஒரு ஷவர் கேப் போதும், ஓட்டல் பாத்ரூம்ல கிடைக்கும். லென்ஸ் துடைக்கற துணி நாலஞ்சு எடுத்துட்டு போங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் இருந்தா அரை மணி நேரத்துலயே ஈரமாகி பயன்படாது.

க்ளென்கோல நிறைய பேர் முதல்ல நிறுத்தறது த்ரீ சிஸ்டர்ஸ் கார் பார்க்ல. அந்த மூணு மலையும் ரோட்டுக்கு தெற்குப் பக்கம், அக்டோபர் சூரியனும் தெற்க தான் தாழ்வா இருக்கும், அதனால தெளிவான நாள்ல மலை முகம் நிழல்லயும் வானம் வெள்ளையாவும் இருக்கும், கேமரா எதைப் பிடிக்கறதுன்னு திணறும். மேகம் பாதி மூடின நாள் தான் அதுக்கு சரி. அதுக்கு பதிலா கிழக்க போங்க, க்ளென் எடிவ் ரோடு ஆரம்பிக்கற இடத்துக்கு பக்கம் கூப்பல்னு ஒரு சின்ன ஆறு, அதுல ஒரு குட்டி அருவி, பின்னாடி புவக்கல் எடிவ் மோர்ங்கற 1,021 மீட்டர் மலை பிரமிடு மாதிரி நிக்கும். ரொம்ப பேர் எடுத்த படம் தான், ஆனாலும் நானும் ஒவ்வொரு தடவையும் எடுப்பேன், ஏன்னா ஆத்துல தண்ணி அளவும் மலைமேல மேகமும் ஒவ்வொரு தடவையும் மாறும். தண்ணிய பால் மாதிரி ஆக்கிடாதீங்க, கால் செகண்ட்ல இருந்து அரை செகண்ட் போதும், ஓடற தண்ணின்னு தெரியணும். அங்க இருந்து கொஞ்சம் தள்ளி லாகங்கார்ப்னு வெள்ளை அடிச்ச ஒரே ஒரு குட்டி வீடு, மலையேறறவங்க தங்கற இடம், அதை மலைக்கு கீழ சின்னதா வெச்சு டெலி லென்ஸ்ல எடுத்தா மலையோட உயரம் அப்ப தான் உறைக்கும். இன்னும் தெற்க ரானக் மூர், ஏ82 ரோட்டோரமே லாகன் ந ஹாஹ்லெஷ்னு ஒரு குட்டை, உள்ள சின்னச் சின்ன திட்டு, பாறை, காத்தில்லாத காலையில எல்லாம் தலைகீழா தண்ணிக்குள்ள இருக்கும்.

அந்தப் பள்ளத்தாக்குல 1692 பிப்ரவரி 13 விடியக்காலை, பன்னெண்டு நாள் விருந்தாளியா தங்கி சாப்பிட்ட சிப்பாய்ங்களே அங்க வாழ்ந்த மெக்டொனால்ட் குலத்துக் குடும்பங்களை எழுப்பி கொன்னாங்க, முப்பத்தெட்டு பேர்னு சொல்றாங்க, தப்பி மலைக்கு ஓடினவங்களும் பனில செத்தாங்க. இதை தெரிஞ்சுகிட்டு போய் அந்த மலைகளைப் பார்க்கறதும் தெரியாம பார்க்கறதும் ஒண்ணு இல்ல. எனக்கு அதுக்கப்புறம் க்ளென்கோவ பளபளன்னு நிறம் ஏத்தி எடிட் பண்ண மனசு வந்ததில்ல.

ஸ்கைல ரெண்டு ராத்திரி தான் வரும், அதுல ஆசைப்பட்டு தீவு முழுக்க சுத்தாதீங்க. குவிராங் ஒரு காலை, ஸ்டாஃபின்ல இருந்து ஊய்க் போற மலை ரோட்டோட உச்சியில கார் பார்க், அங்க இருந்து அஞ்சு பத்து நிமிஷம் நடந்தாலே போதும், குழந்தையோட போறதுக்கு ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார்ங்கற பாறைத்தூண விட இது சுலபம், ஸ்டாருக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஏத்தம் ஏறணும். குவிராங் ஒரு பெரிய நிலச்சரிவு, இன்னமும் மெதுவா நகர்ந்துட்டே இருக்கு, ரோட்டை அடிக்கடி சரி பண்றாங்க, அந்த சரிஞ்சு சரிஞ்சு மடிஞ்ச நிலத்துமேல கிழக்குல இருந்து சாய்வா வெயில் விழும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும், அதுக்காகத்தான் காலையில போகச் சொல்றேன். ஒரு சாயங்காலம் நீஸ்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கம், மேற்குக் கோடி, காத்து பலமா இருக்கும். இன்னொரு சாயங்காலம் ஸ்லிகாஹன் பழைய பாலம். அவ்வளவு போதும்.

கேமரா செட்டிங் பத்தி தனியா கேட்டிருந்தீங்க. ரா ஃபைல்ல (கேமரா பிடிச்சதை அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) எடுங்க, அங்க வானம் எப்பவும் வெள்ளை, மலை எப்பவும் கருப்பு, ரெண்டையும் ஒரே ஜேபெக்ல பிடிக்க முடியாது. ஹிஸ்டோகிராம்ல (படத்தோட வெளிச்ச அளவ கேமரா காட்டற வரைபடம்) வலது ஓரம் இடிக்காத அளவுக்கு எக்ஸ்போஷர குறைச்சு வெச்சு, நிழல அப்புறம் தூக்கிக்கலாம், சந்தேகமா இருந்தா ரெண்டு ஸ்டாப் இடைவெளில மூணு படம் ப்ராக்கெட் பண்ணுங்க, அதாவது ஒரே காட்சிய வேற வேற வெளிச்ச அளவுல எடுங்க. எஃப் 8-ல இருந்து 11-க்குள்ள இருங்க, கிட் லென்ஸ் அங்க தான் நல்லா வேலை செய்யும். ஒரே ஒரு ஃபில்டர் வாங்கறதா இருந்தா போலரைசர், நீல வானத்துக்காக இல்ல, ஈரப் பாறை, ஈர இலை மேல இருக்கற பளபளப்ப எடுத்துட்டா அக்டோபரோட செம்பழுப்பு புல்லும் மஞ்சள் பிர்ச் மரமும் உண்மையான நிறத்துல வரும். தண்ணில பிம்பம் வேணும்னா மட்டும் கழட்டிடுங்க. 18-ல வெச்சு எல்லாத்தையும் அள்ளிப் போடற பழக்கத்தை கொஞ்சம் விடுங்க, அகலமா எடுத்தா மலையெல்லாம் மண்மேடு மாதிரி சுருங்கிடும், உங்க 55-250 தான் இந்தப் பயணத்தோட முக்கிய லென்ஸ். வீட்டம்மாவையும் குழந்தையையும் நடுவுல நிக்க வெச்சு எடுக்கற படத்துல கூட அவங்கள நூறடி தள்ளி நிக்கச் சொல்லி, சிவப்போ மஞ்சளோ ஜாக்கெட் போட்டுவிட்டு, 150-ல எடுத்துப் பாருங்க, மலை எவ்வளவு பெருசுன்னு அவங்கள வெச்சு தான் தெரியும்.

வண்டி விஷயம். இடது பக்கம் தான் ஓட்டணும், நம்ம ஊர் மாதிரியே, அதுல சிரமம் இல்ல. சிங்கிள் ட்ராக் ரோடு தான் புதுசு, ஒரு வண்டி போற அகலம், அங்கங்க பாஸிங் ப்ளேஸ்னு ஒதுங்க இடம் விட்டிருப்பாங்க. அது எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடறதுக்கும் பின்னாடி வர்றவங்கள முன்ன விடறதுக்கும் மட்டும் தான். நல்ல காட்சி தெரியுதுன்னு அதுல காரை நிறுத்திட்டு ட்ரைபாட் போடறவங்கள பார்த்தா எனக்கு நிஜமாவே கோபம் வரும், அந்த ரோட்டுல ஆம்புலன்ஸும் பள்ளிக்கூட பஸ்ஸும் போகுது, ஊர்க்காரங்க அங்க வாழறாங்க. நிறுத்த இடம் கிடைக்கலைன்னா அந்தப் படம் வேண்டாம். நடந்து போறதுக்கு மட்டும் அங்க அருமையான சட்டம் இருக்கு, 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பா நடந்துகிட்டா யாரோட மலையிலும் மேய்ச்சல் நிலத்துலயும் நடந்து போகலாம், வேலிக் கதவ திறந்தா திரும்ப சாத்தணும், வீட்டுத் தோட்டத்துக்குள்ள போகக்கூடாது. கால் வைக்கற இடமெல்லாம் பஞ்சு மாதிரி சதுப்பு நிலம், தண்ணி புகாத பூட்ஸ் வாங்கிடுங்க. ட்ரோன் கொண்டு போறதா இருந்தா, 120 மீட்டர் உயர வரம்பு, பதிவு எல்லாம் இருக்கு, ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்துங்கற அரசு அமைப்பு பார்த்துக்கற கோட்டைகள்ல முன்அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாது, கில்ஹர்னும் அர்க்கார்ட்டும் அவங்களோடது தான். மிட்ஜ்னு ஒரு கடிக்கற குட்டிப் பூச்சி அங்க கோடைல உயிரை வாங்கும், நீங்க போற அக்டோபர்ல ஏறக்குறைய அடங்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.

நாட்களை நான் இப்படி பிரிப்பேன். எடின்பரோல கார் எடுத்த அன்னைக்கே ஸ்டோன்ஹேவன், மறுநாள் காலை டன்னாட்டர், அன்னைக்கு முழுக்க மேற்க ஓட்டி க்ளென்கோ, அங்க மூணு ராத்திரி, கில்ஹர்னும் ஸ்டாக்கரும் வானத்தைப் பார்த்து எந்த நாள்னு அங்கயே முடிவு பண்ணிக்கறது. அப்புறம் டோர்னில ஒரு ராத்திரி, ஸ்கைல ரெண்டு, கடைசி நாள் திரும்பும்போது எய்லியன் டோனன் வழியா தான் வரணும், அதனால ரெண்டாவது தடவையும் அதைப் பார்க்கக் கிடைக்கும், தண்ணி வேற மட்டத்துல இருக்கும். தங்கற இடம் பி அண்ட் பியா (காலைச் சாப்பாட்டோட ரூம் தர்ற இடம்) இருந்தா காலைச் சாப்பாடு பெரும்பாலும் எட்டு மணிக்கு தான் போடுவாங்க, நீங்க அப்ப கரையில நின்னுட்டு இருப்பீங்க. போட்டோ எடுக்கப் போறோம்னு முந்தின நாளே சொல்லிட்டா நிறைய பேர் ஒன்பதரை வரைக்கும் எடுத்து வெப்பாங்க, இல்ல ரொட்டியும் பழமும் பொட்டலம் கட்டிக் குடுத்துடுவாங்க, ப்ளாஸ்க் மட்டும் நீங்க கொண்டு போயிடுங்க.